பாடம் திரையில் வரட்டும், மணி நேரம் அட்டவணையில் இருக்கட்டும்

இணையவழிப் பாடங்கள் குறித்துக் கல்லூரி ஆசிரியர் சங்க மாநிலச் செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை

வரும் பருவத்திலிருந்து விருப்பப் பாடங்கள் சிலவற்றை ஒன்றிய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தின் வழியாக நடத்திக்கொள்ளுமாறு கல்லூரிகளுக்கு வந்திருக்கும் சுற்றறிக்கை இரண்டே பக்கம். அதோடு ஒரு படிவமும் இணைத்திருக்கிறார்கள். பாடத்தின் பெயர், கிரெடிட், மாணவர் எண்ணிக்கை என்று வரிசையாகப் போகும் அந்தப் படிவத்தில் கடைசிக் கட்டம் 'வாரப் பணிச்சுமை'. இணையப் பாடம் என்றால் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும் என்கிறது அடிக்குறிப்பு. சுற்றறிக்கையைப் பற்றிச் செயற்குழுவில் பல கருத்துகள் இருந்தன. அடிக்குறிப்பைப் பற்றி ஒரே கருத்துதான்.

முன்கதை உறுப்பினர்களுக்குத் தெரியும். 2016 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரையிலான பாடங்களை மாணவர்கள் ஸ்வயத்தில் படித்து கிரெடிட் பெறலாம் என்று விதி செய்தது. 2021 மார்ச்சில் அந்த 20, 40 ஆனது. இரண்டு மாதம் கழித்து, கொரோனா இரண்டாம் அலையில் ஆசிரியர்கள் சக ஆசிரியர்களின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியாமல் இருந்த மே மாதத்தில், ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காட்டை இணையத்துக்குக் கொண்டுபோகும் 'கலப்பு முறை' பற்றிய கருத்துரு வெளியானது. ஜூன் முதல் வாரத்துக்குள் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். நாட்டின் பல ஆசிரியர் அமைப்புகள் அப்போதே எதிர்த்தன. ஏன் எதிர்த்தன என்பதை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை.

எழுத வேண்டியது வேறொன்று. கணினியைக் கண்டால் மிரளுகிறவர்கள், பழைய குறிப்பேட்டை விட மனமில்லாதவர்கள் என்று கல்லூரி ஆசிரியர்களைப் பற்றி ஒரு சித்திரம் அதிகாரிகள் நடுவே உலவுகிறது. சங்கம் அதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகத் தயாராக இல்லை. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது தன் சொந்த போன், தன் சொந்த டேட்டா, தன் வீட்டுச் சமையலறை மேசை இவற்றை வைத்துக்கொண்டு வகுப்பை நடத்தியவர்கள் யார்? அந்த ஆண்டு இறுதிப் பருவ மாணவர்களின் விடைத்தாள்கள் மின்னஞ்சலிலும் தபாலிலுமாக வந்து குவிந்தபோது, மங்கலான படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் எரியத் திருத்தியவர்கள் யார்? அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இருக்கவில்லை.

இணையவழிக் கற்றல் மரபான கல்விக்குத் துணை செய்யும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. துணை செய்கிறது என்று சொல்வதற்கு உறுப்பினர்களின் அன்றாட வேலையே சான்று. தமிழ்த்துறைகளை எடுத்துக்கொள்வோம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் முயற்சியாக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் உருவான தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இல்லாமல் இன்று ஒரு முதுகலை மாணவர் ஆய்வேடு எழுத முடியாது. சென்னைக்கோ தஞ்சைக்கோ பஸ் ஏறிப் போய் நூலகத்தில் கையால் பகர்த்து வந்த பழைய பதிப்பை, இன்று திருப்பத்தூரில் இருக்கும் ஒரு பெண் தன் போனில் திறந்து பார்க்கிறாள். கணினித் துறைகளில் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் பத்து நிமிட அளவில், தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. ஆய்வகத்தில் கருவி இல்லாத இயற்பியல் துறைகள் மெய்நிகர் ஆய்வகத் தளத்தைக் காட்டிச் சோதனையின் படிகளை விளக்குகின்றன. சோதனை செய்ததற்கு அது ஈடாகாது. ஒன்றுமே பார்க்காமல் ரெக்கார்டு நோட்டை நிரப்புவதைவிட எவ்வளவோ மேல்.

என்.பி.டி.இ.எல். பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சென்னையிலிருந்து நடக்கிறது. 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இந்த இணையப் பாடத் திட்டத்தைச் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கிறது. 2014-இலிருந்து தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறார்கள். கிராமத்துக் கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, நுழைவுத் தேர்வு எழுதித் தன்னால் உள்ளே போக முடியாத ஒரு வகுப்பறையின் கதவு திறக்கிறது. சங்கத்தின் உறுப்பினர்களே நூற்றுக்கணக்கில் அந்தப் பாடங்களைப் படித்துத் தங்கள் வகுப்புக் குறிப்பைப் புதுப்பித்திருக்கிறார்கள். இதை எதிர்க்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே சண்டை இணையத்தோடு இல்லை.

2016-இன் விதியைக் கவனமாகப் படித்தவர்களுக்கு அதில் மூன்று சூழல்கள் சொல்லப்பட்டிருப்பது நினைவிருக்கும். ஒரு துறையில் ஒரு பாடத்தை நடத்தத் தகுந்த ஆசிரியர் இல்லாதபோது. மாணவர் கேட்கும் விருப்பப் பாடம் அந்தக் கல்லூரியில் இல்லாமல் ஸ்வயத்தில் இருக்கும்போது. இணையப் பாடம் வகுப்பறைக் கற்பித்தலுக்குத் துணையாக அமையும்போது. இரண்டாவதையும் மூன்றாவதையும் சங்கம் மனமார வரவேற்கிறது. வரலாற்றுத் துறை மாணவர் புள்ளியியல் ஒரு பாடம் படிக்க ஆசைப்பட்டால், அவருக்காகப் புள்ளியியல் துறை ஒன்றைக் கல்லூரி திறக்க முடியாது. ஸ்வயம் இருக்கிறது, படிக்கட்டும்.

முதல் சூழல்தான் முள். ஆசிரியர் இல்லை என்பது ஒரு கல்லூரிக்கு நேர்ந்த இயற்கைப் பேரிடர் போல அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் ஏன் இல்லை? தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு 2,331 உதவிப் பேராசிரியர்களை எடுக்க 2019-இல் அறிவிக்கை வந்தது, அது கைவிடப்பட்டது. பிறகு 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. இந்த இரண்டு அறிவிக்கைகளுக்கும் நடுவே ஒரு மாணவர் சேர்ந்து, இளங்கலை முடித்து, முதுகலையும் ஏறக்குறைய முடித்திருப்பார். அவருடைய வகுப்புகளை யார் எடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் எடுத்தார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019 ஜனவரியில் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 20,000 ரூபாயாக இருந்த தொகை 25,000 ஆவதற்கே எத்தனை போராட்டம் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். முதலில் பணியிடத்தைக் காலியாக வைப்பது, பிறகு காலியாக இருக்கிறது என்பதையே காரணம் காட்டிப் பாடத்தை இணையத்துக்கு அனுப்புவது. இதை நிர்வாகச் சிக்கனம் என்று அழைக்கச் சிலர் விரும்பலாம். சங்கம் அப்படி அழைக்கவில்லை.

இனி அந்தப் பூஜ்யத்துக்கு வருவோம். செயற்குழு அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். அறிக்கையும் இதில்தான் அதிக இடம் எடுத்துக்கொள்கிறது.

ஒரு மாணவர் ஸ்வயத்தில் ஒரு பாடம் படிக்கிறார் என்றால் கல்லூரியில் என்ன நடக்கிறது? முதலில் அவருக்குத் தளத்தில் பதிவு செய்து தர வேண்டும். பாதிப் பேருக்கு மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்திருக்கும்; பலருக்கு அண்ணனின் மின்னஞ்சல்தான் இருக்கும். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவமும் இதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. வாராவாரம் ஒப்படைப்புக்கு ஒரு கெடு. கெடுவுக்கு முந்தின இரவு வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரும். தேர்வு மையம் எந்த ஊர், ஹால் டிக்கெட் எப்போது, மையத்துக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பது வரை துறையில் ஒருவர் சொல்லியாக வேண்டும். முடிவு வந்த பின் அந்த மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மாற்றும் காகித வேலை. ஸ்வயம் பருவமும் பல்கலைக்கழகப் பருவமும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிவதில்லை என்பதால், மதிப்பெண் பட்டியல் தாமதமாகிறது. திட்டு வாங்குவது துறைத்தலைவர்.

இவையெல்லாம் எழுத்தர் வேலை, ஆசிரியரின் வேலை இல்லை என்று சொல்லிவிடலாம். பாடத்துக்கு வருவோம். ஐ.ஐ.டி. பேராசிரியர் தன் மாணவர்களை மனதில் வைத்துப் பேசுகிறார். வகைநுண்கணிதம் கையோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிக்குத் தாவுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து வந்த பெண் அந்தத் தாவலில் விழுகிறாள். விழியத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் அதே மூன்றாவது வரிதான் வரும். அந்த இடத்தில் ஒருவர் கரும்பலகைக்குப் போய், விட்டுப்போன இரண்டு வரியை எழுதிக் காட்ட வேண்டும். "இதுதான் சார் புரியல" என்று அவள் சொல்வதற்கு ஒரு முகம் எதிரில் வேண்டும். அவள் சொல்லாவிட்டாலும் முகத்தைப் பார்த்துக் கண்டுகொள்ளும் ஒருவர் வேண்டும். இது வகுப்பு எடுப்பதுதான். இதற்கு முந்தின நாள் ஆசிரியர் அந்த விழியத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும், அதுவும் வேலைதான். படிவத்தில் இதற்குப் பூஜ்யம்.

விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. மாணவர்களுக்கு வழிகாட்ட ஓர் ஆசிரியரை ஒருங்கிணைப்பாளராக அமர்த்துவது பற்றி 2016 விதியே பேசுகிறது. என்.பி.டி.இ.எல். கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியரைத் தொடர்பாளராக வைத்திருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய இணையப் பாடத் திட்டங்களில் ஒன்று கல்லூரிக்குள் ஓர் ஆசிரியரைத் தேடி வருகிறது என்றால், அவர் இல்லாமல் வண்டி ஓடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பணி உயர்வு விதிகளைப் பாருங்கள். 2018-இன் மானியக் குழு விதிப்படி நான்கு கிரெடிட் இணையப் பாடம் ஒன்றை முழுமையாக உருவாக்கியவருக்கு 20 மதிப்பெண். அதே பாடத்தை அறுபது பிள்ளைகளோடு உட்கார்ந்து கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. கேமராவுக்கு முன்னால் பேசினால் கல்வி, மாணவருக்கு முன்னால் பேசினால் சேவை.

ஆசிரியர்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்வார்கள். ஆம், வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் இந்த வாதத்துக்குச் சங்கம் தன் சொல்லை மட்டும் நம்பியிருக்கவில்லை.

அமெரிக்காவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தில் 2012-13-இல் நடந்ததை ஒவ்வொரு பல்கலைக்கழகக் கல்விக்குழுவும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 2012 இலையுதிர்ப் பருவத்தில், மின்சுற்றுப் பாடம் ஒன்றில் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்துக்காக எம்.ஐ.டி. தயாரித்த விழியங்களை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பு நேரம் முழுக்க ஆசிரியரோடு சேர்ந்து கணக்குப் போட்டார்கள். 91 விழுக்காட்டினர் தேறினார்கள். அதே பாடத்தின் வழக்கமான வகுப்புகளில் அந்தப் பருவத்தில் தேர்ச்சி 60 விழுக்காட்டைத் தொடவில்லை. ஒரே பருவம் கழித்து, 2013 ஜனவரியில், அதே பல்கலைக்கழகம் உடாசிட்டி என்ற இணையப் பாட நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று கணிதப் பாடங்களை வகுப்பறையே இல்லாமல் முழுக்க இணையத்தில் நடத்தியது. கட்டணம் 150 டாலர். மாநில ஆளுநரே வந்து அறிவித்தார். அடிப்படைக் கணிதத்தில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சேர்க்கிறோம்: அடிப்படைக் கணிதத்தில் சேர்ந்தவர்கள் ஏற்கனவே அதில் தோற்றவர்கள், மற்றவற்றில் பள்ளி மாணவர்களும் கலந்திருந்தார்கள். கோடையில் மறுபடி நடத்தியபோது தேர்ச்சி கூடியது. ஆனால் அப்போது சேர்ந்தவர்களில் சுமார் பாதிப் பேர் முன்பே பட்டம் வாங்கியவர்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு இணையம் போதுமானதாக இருந்தது. படிக்கக் கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு அது போதவில்லை. நம் கல்லூரிகளுக்கு வருகிறவர்கள் இந்த இரண்டில் யார் என்பதைச் சுற்றறிக்கை எழுதியவர்கள் ஒருநாள் முதலாமாண்டு வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அதே சான் ஹோசேயில் 2013 ஏப்ரலில் தத்துவத் துறை ஆசிரியர்கள், ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்தும் நீதி பற்றிய இணையப் பாடத்தைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து அவருக்கே வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். தங்கள் துறையில் அதைக் கற்பிக்க ஆட்கள் இருக்கும்போது, சிக்கனத்துக்காகப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களை இல்லாமல் செய்யும் ஏற்பாட்டில் பங்கெடுக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பணக்காரப் பிள்ளைக்கு எதிரில் நின்று பேசும் பேராசிரியர், ஏழைப் பிள்ளைக்கு அந்தப் பேராசிரியரின் காணொளி என்று உயர்கல்வி இரண்டாகப் பிளக்கும் என அன்றே அஞ்சினார்கள். அந்த அச்சம் இங்கே இன்னும் பொருந்தும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதுவும் தன் விளம்பரத்தில் 'ஆசிரியர் இல்லாத விருப்பப் பாடங்கள்' என்று போட்டுக்கொள்வதில்லை.

2010-இல் அமெரிக்கக் கல்வித் துறை, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. இணையத்தை வகுப்பறையோடு கலந்து படித்தவர்கள், வகுப்பறையில் மட்டும் படித்தவர்களைவிடச் சற்று மேலாகச் செய்தார்கள் என்றது. கலப்பு முறையை ஆதரிப்பவர்கள் இந்த வரியைப் பல கூட்டங்களில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அடுத்த வரியை வாசிப்பதில்லை. கலப்பு முறையில் மாணவர்கள் படிப்புக்குச் செலவிட்ட நேரம் பெரும்பாலும் கூடுதலாக இருந்தது, மேம்பாட்டுக்கு ஊடகம் மட்டுமே காரணமென்று எடுத்துக்கொள்ள முடியாது என்று அந்த அறிக்கையே எச்சரிக்கிறது. நேரத்தைக் கூட்டியபோது கிடைத்த பலனை, நேரத்தைக் கழித்துவிட்டு எதிர்பார்ப்பது என்ன கணக்கு? எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை வைத்து 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். ஆறு ஆண்டு முயற்சிக்குப் பிறகும் அந்த எண் ஏறவில்லை. அவை விருப்பப்பட்டுச் சேரும் பாடங்கள், பட்டத்துக்குரியவை அல்ல என்பதையும் கணக்கில் எடுத்தே சங்கம் இதைச் சொல்கிறது.

பணியிடக் கணக்கையும் போட்டுவிடுவோம். 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல். ஐந்து உதவிப் பேராசிரியர் உள்ள துறைக்கு 80 மணி நேரம். விதி அனுமதிக்கும் உச்சவரம்பான 40 விழுக்காடு இணையத்துக்குப் போய், அவற்றுக்கெல்லாம் பூஜ்யம் என்றால் 32 மணி நேரம் காணாமல் போகும். அதாவது இரண்டு பணியிடம். 40 விழுக்காடு என்பது உச்சவரம்புதான், யாரும் அவ்வளவு போகச் சொல்லவில்லை என்று விளக்கம் வரக்கூடும். இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் உச்சவரம்பு 20 ஆக இருந்தது. முதலில் போவது கௌரவ விரிவுரையாளர்தான். அவரை நீக்க ஆணைகூட வேண்டாம், ஜூன் மாதம் அழைக்காமல் விட்டால் போதும். பதினைந்து ஆண்டு ஒரே கல்லூரியில் நின்றவரைக் கால அட்டவணையின் ஒரு காலிக் கட்டம் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மற்ற விஷயங்கள் பற்றிச் சங்கத்தின் கருத்து சுருக்கமானது. கருவி: 2017-18 தேசிய மாதிரி ஆய்வில் நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 விழுக்காட்டில், இணைய வசதி இருந்தது 14.9 விழுக்காட்டில். இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது, 2025-26 மாநில பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்ததைச் சங்கம் வரவேற்றது. மொழி: ஸ்வயம் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம், பருவத் தேர்வைத் தமிழில் எழுத உரிமையுள்ள மாணவர் இணையப் பாடம் எடுத்ததால் அந்த உரிமையை இழக்கலாகாது. கட்டணம்: என்.பி.டி.இ.எல். தேர்வுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. மாநில அரசின் புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டத்தில் ஒரு மாணவிக்கு மாதம் கிடைப்பதும் அதே ஆயிரம்தான். கல்லூரியே கட்டாயமாக்கும் பாடத்துக்கு மாணவி தன் ஒரு மாத உதவித்தொகையைக் கட்ட வேண்டும் என்பது பொருத்தமாகத் தெரியவில்லை.

ஒப்படைப்புகளைப் பற்றிச் செயற்குழுவில் காரசாரமாகவே பேசினார்கள். இறுதி மதிப்பெண்ணில் கால்பங்கு ஒப்படைப்புக்கு. வாராவாரம் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் கெடுவுக்கு முன்பே வந்துவிடுகின்றன. மாணவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். இது மாணவரின் ஒழுக்கக்கேடு என்று வரைவில் இருந்த வாக்கியத்தைச் செயற்குழு நீக்கியது. தன்னை யாரும் பார்க்காத இடத்தில் இருபது வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்பது ஆசிரியர்களுக்குப் புதிய செய்தி இல்லை. வாரம் ஒருநாள் எதிரில் உட்கார்ந்து "இந்த மூன்றாவது கேள்விக்கு எப்படி இந்த விடை வந்தது?" என்று கேட்கும் ஒருவர் இருந்தால் பாதிக் காப்பி குறையும். மறுபடியும் அந்த மணி நேரத்துக்கே வந்து நிற்கிறோம்.

இவற்றின் அடிப்படையில் சங்கம் கேட்பது இது. நான்கு கிரெடிட் கொண்ட எந்த இணையப் பாடத்துக்கும் வாரம் குறைந்தது இரண்டு மணி நேர நேரடி வகுப்பு கல்லூரியின் கால அட்டவணையில் இடம்பெற வேண்டும். அது உரிய துறை ஆசிரியரின் பணிச்சுமையில் முழுமையாகச் சேர வேண்டும். நான்கு மணி நேரம் வேண்டும் என்று கேட்டவர்களும், ஒன்று கிடைத்தாலே பெரிது என்றவர்களும் செயற்குழுவில் இருந்தார்கள். இரண்டு என்பது இருசாராரும் இப்போதைக்கு ஒப்புக்கொண்ட எண். பணியிடம் காலியாக இருப்பதைக் காரணமாகக் காட்டி எந்த மையப் பாடத்தையும் இணையத்துக்கு மாற்றக் கூடாது. விருப்பப் பாடங்களில் மாற்றலாமா என்பதைத் துறையின் பாடத்திட்டக் குழு முடிவு செய்யட்டும், சுற்றறிக்கை முடிவு செய்ய வேண்டாம். மாணவர் வேறொரு துறைப் பாடத்தைத் தானாகக் கேட்டு இணையத்தில் படிப்பதற்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. அதற்கான தேர்வுக் கட்டணத்தை அரசு ஏற்பது பற்றிப் பரிசீலிக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியரின் பணி, பணி உயர்வு மதிப்பெண்ணில் இயன்ற விரைவில் இடம்பெற வேண்டும். "இயன்ற விரைவில்" என்பதற்குப் பதில் "உடனடியாக" என்று போட வேண்டும் எனப் பலர் வற்புறுத்தினார்கள். மானியக் குழு விதியை மாநில அரசு தானே திருத்த முடியாது என்பதால் அந்தச் சொல் நிற்கிறது, விருப்பத்தால் அல்ல.

மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனின் பாடங்களை இந்த அறிக்கையில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. 2022 மார்ச்சில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் வேலை பெற்ற மாணவர்களை உறுப்பினர்கள் கண்ணாரப் பார்த்திருக்கிறார்கள். அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்கும் விதம் பற்றிய குறைகளும் உண்டு. அதைத் தனியாகப் பேசுவது என முடிவானது.

செயற்குழுவில் இருவர் இந்த அறிக்கைக்கு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒருவர், விருப்பப் பாடத்தில்கூட இணைய வழியை ஏற்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதை, 40 விழுக்காடு விதியையே முழுக்க நிராகரித்திருக்க வேண்டும் என்கிறார். மற்றவர், பணிச்சுமையை முன்னால் வைத்ததால் மாணவர் நலன் பின்னால் போய்விட்டது, பொதுமக்கள் இதைச் சம்பளக் கோரிக்கையாகத்தான் படிப்பார்கள் என்கிறார். இரண்டையும் பெரும்பான்மை ஏற்கவில்லை. இரண்டாவது கருத்துக்குப் பதிலாக மேலே ஐந்தாறு பத்திகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவை போதுமா என்பதைப் பொதுக்குழு சொல்லட்டும்.

கிளைகளுக்கு: சுற்றறிக்கையோடு வந்த படிவத்தைத் துறைத்தலைவர்கள் நிரப்பாமல் திருப்பி அனுப்ப வேண்டாம், அப்படி அனுப்பினால் நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு இணையப் பாடத்துக்கும் நேரே வாரப் பணிச்சுமைக் கட்டத்தில் 2 என்று எழுதி, கீழே துறைக் கூட்டத் தீர்மானத்தின் தேதியைக் குறித்து, நகல் ஒன்றைக் கிளைச் செயலரிடம் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். கடந்த இரண்டு பருவங்களில் ஸ்வயம் மாணவர்களுக்காகச் செலவிட்ட நேரத்தைத் தோராயமாகவாவது ஒரு தாளில் எழுதி அதோடு இணையுங்கள். கௌரவ விரிவுரையாளர்களின் நேரத்தைத் தனிப் பத்தியில் காட்ட மறக்க வேண்டாம்.